மூணு பக்கத் தையல்

உக்காராதீங்க. நின்னே சொல்லுங்க. ஒம்போது வருசம் நான் உங்க முன்னாடி நின்னுதானே பேசுனேன், இன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நீங்க செத்த நேரம் நின்னா ஒண்ணும் கொறஞ்சு போயிராது. அந்த ஆப்பிள் பையக் கீழ வைக்காதீங்க. கையிலயே இருக்கட்டும்.

என்னது, எனக்குப் புரியலையா? நல்லாப் புரிஞ்சிருச்சு மேனேஜரே. நீங்க சொன்னத நானே திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. கப்பல்ல வெளிநாட்டுத் துணி வெறுந்துணியா வந்து எறங்குனா அதுக்கு ஒரு வரி. அதே துணிய வெட்டி, மூணு பக்கம் தச்சு, பஞ்சடைக்க ஒரு வாய மட்டும் விட்டு வந்துச்சுன்னா அது துணி இல்ல, தச்ச சாமான். வரிப் புத்தகத்துல அதுக்கு வேற பக்கம், கூடுதல் வரி. நம்ம சேதுபதி மொதலாளி வெறுந்துணின்னு எழுதிக் குடுத்து எறக்கிட்டாரு. போன வாரம் மதுரையிலருந்து கஸ்டம்ஸ்காரங்க வந்து குடோனத் தொறந்தா, உள்ள பூராம் தச்ச தலகாணிப் பை. கேட்டதுக்கு, துணியாத்தான்யா வந்துச்சு, மாசி மாசம் எங்க கம்பெனிப் பொம்பளைக இங்கன வச்சுத் தச்சாங்கன்னு சொல்லிட்டாரு. இப்ப அந்தப் பொம்பளைக வேணும். அதுக்குத்தான் பேகம்பூர் சந்துக்குள்ள சைக்கிள உருட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. சரிதானே?

மாசி மாசம் நான் எங்க இருந்தேன்னு தெரியுமா உங்களுக்கு? செம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு காட்டுல வெங்காயம் ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். பொங்கலுக்கு மறுவாரம் நீங்கதான பதினோரு பேரையும் எந்திரிக்கச் சொல்லிப் பேரு வாசிச்சீங்க? ஆர்டர் இல்லம்மா, வந்தாச் சொல்லி விடுறோம்னீங்க. கண்ணு பேப்பர விட்டு மேல வரவே இல்ல. இன்னாசியம்மா பதினாலு வருசம் அந்த மிஷின மிதிச்சவ. நூல அத்து, எண்ணெய் போட்டுத் தொடச்சு, உறையப் போட்டு மூடிட்டுத்தான் வெளிய வந்தா. அதையாவது நிமிந்து பாத்தீங்களா நீங்க?

இருங்கண்ணே, நான் இன்னும் முடிக்கல.

தச்சது நாங்கதான்னு நீங்க நீட்டுற தாள்ல கையெழுத்துப் போடுறேன்னே வையிங்க. அந்த ஆபீசரு என்ன கூறு கெட்டவரா? ஒரு பைய எம் முன்னாடி போட்டு, இதே மாதிரி தச்சுக் காட்டும்மாம்பாரு. ஓரத்துல சங்கிலி கணக்கா ஓவர்லாக்கு, அதுக்கு உள்ளாற இன்னொரு தையல், ரெண்டும் ஒரே ஓட்டத்துல. நம்ம கால் மிஷின்ல அது வருமா? எங்க பதினோரு பேரு தையலையும் கலந்து போடுங்க, எது யாருதுன்னு நான் சொல்றேன். இன்னாசிக்கு மூலை திரும்புற எடத்துல ஒரு குத்து கூட விழும். பொன்னழகுக்கு எடது பக்கமா சாயும். அந்தக் குடோன்ல இருக்குறதுல எங்கள்ல ஒருத்தி தையலும் இல்ல.

மறுபடியும் வேலையா? பதினோரு பேருக்குமா, கையெழுத்துப் போடுறவளுக்கு மட்டுமா? போடுறவளுக்கு மட்டும்தானா? ம். அதானே பாத்தேன்.

என்ன சொன்னீங்க? இன்னொருக்கச் சொல்லுங்க. லேபிளப் பிரிச்சவ நாந்தானா?

ஆமா. பங்குனி பொறந்ததும் ஆள் விட்டுக் கூப்ட்டீங்க. ஆர்டர் வந்துருச்சுன்னு வெங்காயக் காட்டுலருந்து ஓடியாந்தேன். நானும் இன்னாசியும். வந்து பாத்தா மேசை மேல மலையாட்டம் பை. மிஷினெல்லாம் உறையோட மூடுனபடியே கெடக்கு. ஆளுக்கொரு பிளேடக் குடுத்து, ஓரத்துல வெளிநாட்டு லேபிள் இருக்கு, பை கிழியாமப் பிரிச்சு எடுங்கன்னீங்க. மூணு நாளு பிரிச்சோம். மொத நாளு சாயங்காலம் இன்னாசி ஒரு பைய உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தா. நல்லாத்தான்டி தச்சிருக்கா, எந்த ஊருக்காரியோன்னா. சொல்லிட்டு அடுத்த பைய எடுத்துட்டா. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுச்சு. அந்தத் தச்சவ மேல இல்ல.

நானும் மாட்டுவேனா? மிரட்டுறீங்களாக்கும். பிரிச்சவளும் உடந்தைதான்னு எனக்குத் தெரியும்ணே. அந்த ஆபீசரே சொன்னாரு.

குடோனத் தொறந்தவருதான், வேற யாரு? கார்டு போட்டுக் கூப்ட்டாரு. முந்தாநாளு பஸ் ஏறி மதுரைக்குப் போயி, பிரிச்சது நாந்தான், நான் ஒருத்திதான், மூணு நாளுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். இன்னாசி பேரு அதுல இல்ல. நீங்களாச் சேத்துறாதீங்க. சேத்தீங்கன்னா பிளேடக் குடுத்த கை யாருதுன்னு அடுத்த கேள்வி வரும். கையெழுத்தப் போட்டுட்டு, செயிலுக்குப் போகணுமாய்யான்னு கேட்டேன். தெரியலம்மான்னாரு.

ஒரு தாளு காட்டுனாரு. துணி எறக்க மொதலாளிக்கு லைசென்ஸ் எதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியுமா? வார துணியத் தச்சு, பஞ்சடச்சு, வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்புறேன், அதுல பதினோரு பொம்பளைகளுக்கு வேலைன்னு எழுதிக் குடுத்து வாங்கிருக்காரு. எங்க பேரெல்லாம் வரிசையா டைப்படிச்சிருக்கு. மூணாவது நானு. தேதியப் பாத்தேன். நீங்க எங்க பேர வாசிச்சு வெளிய அனுப்புன அதே வாரம்ணே.

அன்னைக்குப் பேப்பரப் பாத்தீங்க, இப்ப தரையப் பாக்குறீங்களா?

கெளம்புங்க. சைக்கிளப் பாத்துத் திருப்புங்க, சாக்கடை இருக்கு. என்ன? ஆபீசருக்கு என்னைய எப்புடித் தெரியுமா? எவளோ கஸ்டம்ஸுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுட்டான்னு மொதலாளி பதினோரு வீட்டுலயும் விசாரிக்கச் சொல்லிருக்காரா? பாவம், வெயில்ல அலையாதீங்க. அது மொட்டைக் கடுதாசி இல்ல. போஸ்டாபீசு வாசல்ல எனக்கு அத எழுதிக் குடுத்தவரு, பேரு வேணாம்மா, பேரு போடாதம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. நாந்தான் பேனாவ வாங்கி, கீழ சோலையம்மாள், தையல்காரின்னு என் கையால போட்டேன். கதவு நம்பரோட.