இடது கண்ணின் அசதி

சேலத்தில் பஸ் ஏறிய தம்பதி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் லாரி டிரைவர் என்பது பேச்சில்தான் தெரிந்தது.

“போன தடவையே அசதியா இருக்குதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றார் அந்த அம்மாள்.

“அதெப்படி? அசதின்னு சொல்ற டிரைவருக்கு எந்த ஓனர் வண்டி குடுப்பான்?”

“டாக்டரு ஓனருங்களா?”

“பழக்கம் புள்ள. அந்தக் கண்ணு டெஸ்டுக்கு இருட்டு ரூமுல தாடைய ஊனிக்கிட்டு நேராவே பார்க்கோணும். ஓரத்துல புள்ளியாட்டம் வெளிச்சம் தெரிஞ்சா மேசையத் தட்டோணும். வலது கண்ணு முடியறதுக்குள்ளயே சொக்கிருச்சு. நிறுத்திக்கலாமான்னு நர்சம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. வேண்டாம், பாருங்கன்னேன்.”

“அதனாலதான் இடது கண்ணுல பாதி இருட்டுன்னு வந்துச்சு. நல்லாத் தூங்கிட்டு வாங்க, இடது கண்ண முதல்ல பாக்கலாம்னு டாக்டரே சொன்னாருங்களே.”

“இன்னிக்கு அப்படித்தான் பாத்தாங்க. ராத்திரி நல்லாத் தூங்குனேன். நடுவுல நிறுத்தி வெளிய உக்காரவும் வெச்சாங்க.”

“அப்பறம் என்ன சொன்னாங்கன்னு நீங்க இன்னம் சொல்லவே இல்லீங்களே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதே எடத்துல அதே இருட்டு. இனி வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க.”

பஸ் மல்லூரைத் தாண்டியது. பிறகு அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“அசதியா இருக்குது புள்ள” என்றார்.