குக்கரின் சாட்சி

சைரன் கத்துகிறது. பட்டப்பகல். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். முன்னால் நான், பின்னால் எஸ்தர். வீட்டுக்காரி முதலிலேயே கீழே போய்விட்டாள். எங்கோ ஒரு இடி. கைப்பிடிக் கம்பி அதிர்கிறது. அடுத்தது கிட்டத்தில். கூரைப் பூச்சு தலையில் உதிர்கிறது.

அப்போது மேலே குக்கர் விசில் போட்டது.

"ஐயோ, அடுப்பு!"

"போவாதடீ! எறங்கு!"

"அணைச்சிட்டு வந்துட்றேன். நீ போய்க்கினே இரு."

செருப்புச் சத்தம் மேலே போகிறது. பட், பட், பட். ஒரு செருப்பு கழன்று என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. என் இடது காதுக்கு அதுதான் கடைசிச் சத்தம்.

வளைகுடாவில் ஒரே வீட்டில் வேலை செய்தோம். நான் சித்தூர், அவள் பங்காருபாளையம். நான் துவைப்பேன், துடைப்பேன். அவள் சமைப்பாள். யார் யாருக்கோ சண்டை. எங்களைக் கேட்டா தொடங்கினார்கள்? முந்தைய சைரனுக்கு அடுப்பை அப்படியே விட்டு ஓடினோம். குழம்பு கருகியது. அன்றைக்கு வீட்டுக்காரி திட்டிய திட்டு எஸ்தருக்கு ஏவுகணையைவிடப் பெரிது.

இடிபாட்டுக்குள் அடுப்பைப் பார்த்தேன். திருகு அணைத்த நிலையில் இருந்தது.

எஸ்தர் பெட்டியில் ஊர் வந்தாள். திறக்க விடவில்லை. அவள் அம்மா ரூத்தம்மா, மாங்காய் மண்டியில் காய் பிரிப்பவர். அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சுகந்தி, அவ தங்க வளையலுக்காக மேல ஓடினானு ஊருல பேசிக்கினு கீறாங்க. நெஜமாம்மா?"

வாயைத் திறந்தேன். நான் இறங்கினேன், அவள் ஏறினாள். இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? 'நான்' என்று தொடங்கியதோடு நின்றுவிட்டேன். ஊர்க்காரர்கள்மேல் ஆத்திரம் வந்தது. வளையலாம். அவள் கையில் கிடந்ததே கண்ணாடி வளையல்.

அந்த ஒற்றைச் செருப்பு என்னோடு வந்திருந்தது. ஒருநாள் அதை எதிரில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன்.

*ஏறும்போது கழன்றேன்.*
*அவள் திரும்பிப் பார்க்கவில்லை.*
*என் ஜோடி மேலே போனது.*
*என்னை ஒருத்தி மடியில் வைத்துக்கொண்டு*
*உட்கார்ந்தே இருந்தாள்.*

வந்தது. பேசுவது செருப்பு என்றதும் வரிகள் நிற்கவில்லை. பிறகு கைப்பிடிக் கம்பி பேசியது. நான் துடைத்த தரையும் வாளியும் பேசின. கவிதையா என்று கேட்டால் தெரியாது. குக்கரை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மாங்காய் சீசன் முடிந்ததும் போதகர் வீட்டுக்கு வந்தார். "ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லும்மா. கர்த்தர் உன்ன காப்பாத்துனத சபை கேக்கணும்."

எங்கள் சபையில் தப்பிப் பிழைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்லவேண்டும். முடிவில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். என்னைக் காப்பாற்றினார் என்று நான் சொன்னால், பஸ் பிடித்து வந்து இரண்டாம் வரிசையில் உட்காரும் ரூத்தம்மா என்ன நினைப்பார்? தன் பெண்ணைக் கைவிட்டார் என்றா? எனக்குக் கர்த்தர்மேலேயே கோபம். மறைக்கவில்லை. சனிக்கிழமை உட்கார்ந்து குக்கரை எழுதி முடித்தேன்.

ஞாயிறு. மைக் முன்னால் நிற்கிறேன். காகிதத்தைப் பிரிக்கிறேன். படிக்கிறேன்.

*நான் குக்கர்.*
*பருப்பு வெந்தால் விசில் போடுவேன்.*
*வேறொன்றும் தெரியாது.*
*சைரன் எதற்கென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.*
*அவள் வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை.*
*பெட்டியைத் திறக்கவில்லை. அலமாரியைத் தொடவில்லை.*
*நேராக என்னிடம் வந்தாள்.*
*அடுப்பை அணைத்தாள்.*
*வாசல் பக்கம் திரும்பினாள்.*

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். ரூத்தம்மா இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார்.

"அடுப்ப அணைச்சிட்டாளா?"

"அணைச்சிட்டா பெரிம்மா. நானே பாத்தேன்."

"அப்போ திரும்பி வரத்தான் கெளம்புனா."

"ஆமா பெரிம்மா."

உட்கார்ந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சபை முழுக்கக் கேட்டது.

போனவை இவை. எஸ்தர், வயது இருபத்தாறு. அதே மாடியில் இன்னும் இரண்டு பேர், பெயர் தெரியாது. என் ஒரு காது. ஒரு செருப்பு. ஒரு குக்கர் பருப்பு. நன்றாக வெந்திருந்தது. யாரும் சாப்பிடவில்லை.