கடைசி அறுபத்தி நாலு எம்பி

...பின்னே, வயிறு எரியுமா எரியாதா? நீயே சொல்லும்மா. சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதுல எட்டு கறுப்பு வில்லை. ஏழாயிரமாம். சீப்புன்னா தலையாவது வாரலாம். கொஞ்சம் நவுந்து உக்காரு, இந்த கூடைக்காரம்மா கால நீட்டிகினு தூங்குது. மூக்குக் கண்ணாடிய தொடச்சிக்க, ரயில் ஜன்னல் பக்கம் ஒரே புழுதி.

எனக்கு குரோம்பேட்டை. ஜிஎஸ்டி ரோட்ல பத்திரிகை அடிக்கிற கடை, கனகவல்லின்னா தெரியாதவங்க இல்ல. இப்ப ஒரு மஞ்சத்தண்ணி பார்ட்டி, பத்திரிகைல பொண்ணு போட்டோ வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை குடுத்தாவணும். போட்டோவ கம்ப்யூட்டர்ல தொறந்தா நெத்தி வருது, புருவம் வருது... அவ்ளோதான், நின்னுடுது. டீ குடிச்சிட்டு வந்து பாத்தாலும் புருவம்தான். பொண்ணோட அம்மா பக்கத்துல உக்காந்துகினு, "எம் பொண்ணு மூக்கு எங்க?"ன்றா. அஸ்தினாபுரத்துல ஒருத்தன் புதுசா கடை போட்டிருக்கான். வெள்ளிக்கிழமை தவறினா அவன்கிட்ட போயிடுவாங்க, பின்னாடியே அந்தத் தெருவே போயிடும்.

ரிப்பேர் பாக்கற ஜெபசீலன் வந்து, "அக்கா, இதுல மெமரி பதினாறு எம்பிதான் கீது. அறுபத்தி நாலு போட்டா மூக்கு வரும்"னான். ஏழாயிரத்துக்கு அந்தப் பொண்ணுக்கு மூக்குத்தியே போட்டுடலாமே. கடைக்காரன கேட்டா, இத செய்யற தைவான்ல பூகம்பமாம். அங்க பூமி ஆடினா நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைல விலை இன்னாத்துக்கு ஆடணும்? நூத்தி இருபத்தெட்டு எம்பின்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், மேலயும் கீழயும் பாக்கறான்.

நா ஏமாறுற ஆளா? நாலு கடை ஏறி எறங்காம ஒரு புடவை எடுத்ததில்ல. நேத்து எங்க வூட்டுக்காரரு, ரெண்டு கொழுந்தனாரு, தம்பி, மாமா, பக்கத்து வூட்டு சின்னப்பன் அண்ணன், ஆறு பேரையும் ஒரே வண்டில ஏத்தி அனுப்பினேன். ஒருத்தர ஒருத்தர் தெரியாத மாதிரி, அரை மணிக்கு ஒருத்தரா அந்தக் கடைக்கே போய் விலை கேளுங்க, எது கம்மியோ அத புடிப்போம்னு. எங்க வூட்டுக்காரருக்கு நாலாயிரம்னான். தம்பி போறப்ப அஞ்சு. கடைசியா சின்னப்பன் அண்ணனுக்கு ஆறரை. பாத்தியா அநியாயத்த?

இன்னிக்கு நானே போறேன், ஏழாயிரம்ன்றான். இன்னாய்யான்னா, "நேத்து மட்டும் ஏழு பேர் கேட்டாங்கம்மா, கைல இருக்கறது ஒண்ணே ஒண்ணு, ஏத்தாம இன்னா பண்றது?"ன்றான். யாருய்யா அந்த ஏழு பேருன்னு சண்டைக்கே போயிட்டேன். அப்புறம்தான்... ஆறு நம்மாளுங்க. சரி, இருக்கட்டுமே. நம்மாளுங்க கேட்டா ஏறிடுமா? அந்த ஏழாவதுதான் கெடுத்தது. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணாம். கைல காசில்லாம விலை மட்டும் கேட்டுட்டு போயிருக்கா. நல்லா இருப்பாளா?

அஞ்சுக்கு குடுன்னேன். முடியாதுன்னான். விருட்டுன்னு எழுந்துட்டேன். கூப்பிடுவான்ல? படில மெதுவா எறங்கினேன். செருப்பு வார சரி பண்ற மாதிரி குனிஞ்சேன். கூப்பிடல. பார்க் ஸ்டேஷன்ல ரெண்டு வண்டிய வுட்டுட்டு கூட நின்னேன். பரவால்ல, காலைல முதல் ஆளா போவேன், தானா எறங்கி வருவான். அதுக்குள்ள எவ வாங்கிடப் போறா?

எந்தக் கடைன்னு சொல்லலையே. மொத மாடி, அபிதகுஜாம்பாள் கம்ப்யூட்டர்ஸ். தோத்தாத்ரின்னு ஒருத்தன் உக்காந்திருப்பான். படி செங்குத்து, பாத்து ஏறணும். ஏழரை வரைக்கும் தொறந்திருக்கும். இன்னா, ஏழரைன்னு எழுதிக்கறே? எழுதிக்க, எழுதிக்க. ஆறாயிரத்து ஐநூறுக்கு மேல குடுக்காத, அழுத்திக் கேட்டா எறங்குவான்.

இன்னாம்மா எழுந்துட்டே? இது கோடம்பாக்கம். தாம்பரம்னு தலையாட்டினியே... ஏம்மா, அந்தப் பக்கம் பீச் போற வண்டிம்மா, அதுல போனா மறுபடி பார்க் ஸ்டேஷன்... கண்ணாடி போட்ட பொண்ணு...

ஐயய்யோ. யம்மா கூடைக்காரம்மா, கால எடு, நா எறங்கணும். எழுந்திரும்மா, வண்டி... எடுத்துட்டான்.

பாத்தியாம்மா? குடும்பமே கூடி கேட்டுச்சு, வாயே தொறக்காம குந்திகினு இருந்தவ வாங்கப் போறா. நீ தூங்காத, கேளு. சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை...