ஆறு போன்களிலும் முழு சிக்னல்

புதுப் போனின் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை எல்லாரும் தப்பாகத்தான் உரிக்கிறார்கள். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, பிளாஸ்திரியைப் பிய்ப்பதுபோல ஒரே இழுப்பு. அப்படிச் செய்யக்கூடாது, ஐயா. கீழ் மூலையிலிருந்து, மூச்சை அடக்கி, மெதுவாக உரிக்க வேண்டும். அப்போது வரும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே என் சேனலுக்கு எட்டாயிரம் பேர் வருகிறார்கள். நீங்கள் கேட்ட கேள்வி இதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று முதலில் புரிந்துவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

பெயர் தனாங். வயது நாற்பத்தொன்று. பகலில் செமாராங் துறைமுகத்தில் நாற்காலி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மாலையில் போன்களைச் சோதித்து மதிப்பீடு சொல்வேன். மனைவி இரண்டு வருடமாக சோலோ நகரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறோம். படம் நன்றாகத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் பொய் மதிப்பீடு எழுதுகிறவன் அல்ல. ஒரு கம்பெனி போனை இலவசமாக அனுப்பி, நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னது. கேமராவில் மனித முகம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இரண்டு நட்சத்திரம் கொடுத்துப் போனைத் திருப்பி அனுப்பினேன். செயலிகளையும் விட்டதில்லை. தண்ணீர் குடி என்று சொல்ல ஒன்று, தூங்கினாயா என்று கேட்க ஒன்று, டார்ச் அடிப்பதற்கு என் மாமியார் எண் வரைக்கும் கேட்கிற ஒன்று. எல்லாவற்றையும் தோலுரித்திருக்கிறேன். சிம் கம்பெனிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘அளவில்லாமல்’ என்று யானை எழுத்தில் போடுவார்கள். எத்தனை நாளுக்கு, எத்தனை மணிவரை என்பது எறும்பு எழுத்தில் கீழே இருக்கும். நம் நாட்டில் கம்பெனியை மாற்றினால் எண்ணும் போய்விடும் என்பதால், ஒருமுறை வாழ்க்கைப்பட்டவர்கள் அப்படியே கிடக்கிறார்கள். நான் ஒரு கம்பெனி. பாக் விர்யோனோ வேறு கம்பெனி. பிரச்சினை அவ்வளவுதான்.

பாக் விர்யோனோ எனக்கு எதிர்வீட்டுக்காரர். தபால் ஆபீசில் ஓய்வுபெற்றவர். பேட்டரி விழாமலிருக்க ரப்பர் பேண்டு போட்ட ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஒரே எண். பாத்தாமில் ஒரு மகன், மகாஸாரில் ஒரு மகன், தைவானில் ஒரு மகள். மூன்று பேருக்கும் அந்த எண் மனப்பாடம். வீட்டில் வேறு இணையம் கிடையாது, அவரும் மனைவி இபு முர்னியும் மட்டும். எங்கள் சந்து மலைச்சரிவில் ஏறுகிறது. உச்சியில் இருப்பது நாலே வீடுகள். அங்கே சிக்னல் வருவது விருந்தாளி வருவது போல, வந்தால் வந்தது.

மார்ச் மாதம், சந்துத் தலைவர் பாக் சுகெங் வீட்டில் கூட்டம். பதினெட்டு மில்லியன் ரூப்பியாவுக்கு நான் வாங்கிய புதுப் போனை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோவை ஏற்றிக் காட்டலாம் என்று பார்த்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து பாக் விர்யோனோவின் சட்டைப்பையில் சில்வண்டு மாதிரி மணி அடித்தது. தைவான் மகள். சாவகாசமாக ஐந்து நிமிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மாஸ் தனாங், ஒன் போன் ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா பேசணும்னா எங்கிட்ட வா, இரவல் தர்றேன்.”

பாக் சுகெங்குக்குச் சிரிப்பில் வாயிலிருந்த தெம்பே வறுவல் புரையேறிவிட்டது. மறுநாளிலிருந்து சந்தில் என் பெயர் ‘இரவல் மாஸ்’, இரவல் அண்ணன். சின்னப் பிள்ளைகள்கூடச் சைக்கிளில் போகும்போது கூப்பிட்டார்கள். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது, ஐயா. எதையும் தொழில்நுட்பக் கோளாறாகத்தான் பார்ப்பேன்.

கோளாறுக்குத் தீர்வாகத்தான் சிக்னலைப் பெருக்கும் அந்த பூஸ்டரை வாங்கினேன். இணையத்தில் கிடைக்கிறது. ஆன்டெனாவை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டி, பெட்டியை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநிமிடம் முழு சிக்னல். என்னிடம் அப்போது ஆறு போன்கள். ஆறிலும் கோடுகள் நெடுக நின்றன. உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாக் விர்யோனோ முற்றத்தில் முக்காலியில் ஏறி, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது மலிவான பெட்டி, உரிமமும் இல்லை. எனக்குத் தூக்கிக்கொடுக்கிற அதே வேகத்தில் அடுத்த கம்பெனியின் அலைகளை இரைச்சலில் மூழ்கடித்துவிடுகிறது. சந்தின் உச்சியில் அவர் கம்பெனி செத்துவிட்டது. நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதையும் ஒரு வாரத்தில் முடிவு கட்டுவது என் வழக்கமல்ல. நீண்ட நாள் சோதனைதான் நியாயமான சோதனை. ஏழு மாதம் ஓடவிட்டேன்.

முக்காலியில் ஏறியும் அவர் வாய் குறையவில்லை. ஆனால் வந்து கேட்கவும் இல்லை. “தனாங், ஒன் போனைக் கொஞ்சம் குடு” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். பேராசை என்று சொல்ல முடியாது.

கெந்தோங்கான் விஷயத்துக்கு வருகிறேன். உச்சியில் காவல் குடிசையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. திருடன், தீ, சாவு எதுவானாலும் அந்தக் குடைந்த மரத்தைத் தட்டினால் சந்து முழுக்க ஆள் கூடிவிடும். பலாமரம், அடித்தால் அடிவாரம் வரை கேட்கும். இந்தக் காலத்தில் மரத்தைத் தட்டிக்கொண்டிருப்பதா என்று கூட்டத்தில் கேட்டேன். சந்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அவசரத்துக்கு ஒரு தட்டு போதும் என்று படம் போட்டு விளக்கினேன். பாக் விர்யோனோ ஒருத்தர்தான் எதிர்த்தார்.

“மரத்துக்கு சார்ஜ் போட வேண்டாம், பாக் சுகெங்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் கை தூக்கியது என் பக்கம். இளைஞர்களுக்குப் பிடித்துவிட்டது. கெந்தோங்கானைக் கழற்றினோம், ஆணி மட்டும் மிஞ்சியது. மரத்தைத் தூக்கிப்போடுவானேன் என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குடைந்த பொந்தில் போனைச் சாய்த்துவைத்தால் படம் எடுக்க அருமையாக இருக்கும். நேயர்கள் அதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

அக்டோபரில் இரண்டாவது ஞாயிறு, மழைக்கு முன் சாக்கடை தூர்வாரும் நாள். காலை எட்டு மணிக்கு மண்வெட்டியோடு சந்தே அடிவாரத்தில் இருந்தது. ஆண்கள் சேற்றில், பெண்கள் தேநீரும் பொரித்த வாழைப்பழமும் வைத்துக்கொண்டு மரத்தடியில். உச்சியில் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அங்கேதான். பாக் விர்யோனோவுக்குச் சளி, வரவில்லை. எனக்கு முதுகுவலி என்று குழுவில் போட்டேன். உண்மையில் புதுப் போனோடு வந்த ஹெட்போனைச் சோதிக்க வேண்டியிருந்தது. வெளிச் சத்தத்தை முழுக்க அடைக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது.

எட்டு நாற்பதுக்கு இபு முர்னி போனோடு முற்றத்துக்கு வந்தார். முக்காலியில் ஏறினார். காதில் வைத்தார், எடுத்தார். பூந்தொட்டிச் சுவர்மேல் ஏறினார். வாசலுக்கு வந்தார். பதினொரு தடவை முயன்றார்; நான் எண்ணினேன். அவசர எண்ணை அழைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐயா, எங்கள் சந்தில் யார் அதை அழைக்கிறார்கள்? நெஞ்சு வலித்தாலும் பாம்பு வந்தாலும் எங்களுக்கு அவசர எண் பாக் சுகெங்தான். அவரிடம்தான் வண்டி இருக்கிறது. அவர் போனை மார்புப் பையில் வைத்துக்கொண்டு அறுநூறு மீட்டர் கீழே சேற்றில் நின்றார்.

பிறகு இபு முர்னி காவல் குடிசைக்கு ஓடினார். ஓடினார் என்று சொல்லக்கூடாது; அறுபத்தெட்டு வயது, முட்டி தேய்ந்தவர். தூணில் கையை உயர்த்தினார். அங்கே ஆணிதான் இருந்தது. அந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் என் வாசலுக்கு வந்து கேட்டைத் தட்டினார். நான் ஹெட்போன் போட்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே போலீசாரிடம் அப்படித்தான் சொன்னேன். அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இபு முர்னி நடந்தே கீழே போனார். இருபத்தைந்து நிமிடம். அப்புறம் முப்பது பேர் சேற்றுக்காலோடு மேலே ஓடிவந்தார்கள், பாக் சுகெங் வண்டியைக் கொண்டுவந்தார். பாக் விர்யோனோ நாற்காலியிலேயே முடிந்திருந்தார். இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று சுகாதார நிலைய டாக்டர் சொன்னார். ‘ஒருவேளை’ என்பதை நான் ஒரு அளவாக ஏற்பதில்லை.

அடக்கம் முடிந்து ஏழு நாள் மாலையும் பாக் விர்யோனோ வீட்டில் துஆ பிரார்த்தனை நடந்தது. தைவான் மகள் பார்ப்பதற்காக நான்தான் வீடியோ ஏற்பாடு செய்தேன். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. எல்லாரும் அந்த சிம் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் திட்டினேன், ஆதாரத்தோடு திட்டினேன். அந்தக் கம்பெனிமேல் உங்கள் அலைவரிசைத் துறைக்கு மனு எழுதியது நான்தான். அறுபத்துநாலு கையெழுத்துகளில் முதல் கையெழுத்து என்னுடையது. உச்சி வீடுகள் எல்லாம் என் கம்பெனிக்கு மாறின. இப்போது யாரும் என்னை இரவல் மாஸ் என்று கூப்பிடுவதில்லை.

ஆறாம் நாள் மாலை இபு முர்னி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ரப்பர் பேண்டு போட்ட அந்தப் போனை என் கையில் கொடுத்தார்.

“தனாங், நீ படிச்சவன், ஒனக்குத்தான் தெரியும். எப்பவும் அவருதான் போட்டுப் பேசுவாரு. எனக்கு இது சரியா வராது. எல்லாரும் கம்பெனி கம்பெனிங்கிறாங்க. நெஜத்தச் சொல்லுப்பா. நான்தான் தப்பா அழுத்திட்டேனா?”

போனைத் திறந்து பார்த்தேன். பதினொரு அழைப்பு, பதினொன்றும் பாக் சுகெங்கின் எண்ணுக்கு, ஒரு இலக்கம் பிசகவில்லை. இபு முர்னியின் மூத்த மகன் பாத்தாமில் மின்பொறியாளர். போனை எடுத்துப்போய்ப் பார்க்கப் போவதாக முந்தின நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அழைப்புப் பட்டியலை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“இருக்கலாம், இபு. பதட்டத்துல யாருக்கும் விரல் தடுமாறும். மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் தலையாட்டினார். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகனிடம் போனைக் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஆறுதல்தான் சொன்னேன். காரணம் தெரியாமல் அலைவதைவிட ஏதோ ஒரு காரணம் கிடைப்பது மனிதர்களுக்கு நல்லது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மனு போன மூன்றாவது வாரம் கூரையில் ஆன்டெனா வைத்த உங்கள் வண்டி எங்கள் சந்தில் ஏறியது. அந்தக் கருவிகளைப் பார்த்து நானே கீழே இறங்கிவந்தேன், நினைவிருக்கிறதா? எந்த மாடல் என்று விசாரித்தேன். உங்கள் ஆள் என் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பெட்டி என்னுடையது. அது என்ன செய்கிறது என்று ஏழு மாதமாக எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு அதன் சுவிட்ச் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்தாவது அழைப்பின்போது அதன்மேல் விரலை வைத்தேன். அணைத்தால் உடனே சிக்னல் வரும். வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். விரலை எடுத்துவிட்டேன். இபு முர்னி கேட்டைத் தட்டியபோது ஆறு போன்களும் மேசைமேல்தான் இருந்தன, கெந்தோங்கானும் இருந்தது. பாக் விர்யோனோ தானே வராமல் மனைவியை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். வரட்டும், அவரே வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

எழுதிவிட்டீர்களா? ஒரே ஒரு திருத்தம் பாக்கி. அன்று மதியம் அந்த ஹெட்போனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தேன், வெளிச் சத்தம் துளியும் நுழையாது என்று. அது சரியல்ல. மூன்று நட்சத்திரத்துக்கு மேல் அது தேறாது. “தனாங், அவருக்கு மூச்சு நிக்குதுப்பா, ஒரே ஒரு போன்” என்று இபு முர்னி என் வாசலில் நின்று நாலு தடவை சொன்னார். நாலும் தெளிவாகவே கேட்டது.