குழாய்க்குள் போன துணி

தலைமையேற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய செயற்பொறியாளர் ஐயா அவர்களே! நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்று இப்போதே கலங்கிப் போயிருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே! வால்வு திருகித் திருகி வலுவேறிய கரங்களே! பள்ளம் தோண்டும் தோழர்களே, பைப்பு சுமக்கும் தோள்களே! ஓய்வு பெற்ற பின்னும் தெருவில் ஈரம் கண்டால் நின்று குனிந்து பார்க்கும் பெரியோர்களே! எங்கள் வண்டி வந்தால் வாழ்த்தியும், வராவிட்டால் வறுத்தெடுத்தும் எங்களை வளர்த்து ஆளாக்கிய தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு குவளை குளிர்ந்த நீர் கொடுத்து வணங்கத்தான் ஆசை. ஆனால் குடிநீர்ப் பணியாளர் கூட்டம் நடக்கும் இந்த மண்டபத்தில் இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆகவே வெறுங்கையோடு வணங்குகிறேன்.

என்ன தோழர், கேட்கிறதா? "மைக்கே வேணாம், வாசல் வரைக்கும் கேக்குது" என்கிறார். கேட்கும், கேட்கும்! பம்பு அறையில் வேலை பார்ப்பவன் நான். மோட்டார் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி, வீட்டில் மனைவியிடம் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து நீட்டுகிறார்!

புதிதாக வேலைக்கு வந்தவர்களை வரவேற்று இரண்டு வார்த்தை பேசு என்றார்கள். யார் இந்தப் புதியவர்கள்? ஹெல்பர் என்று ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறோமே, அவர்கள்! முதலில் பள்ளத்தில் இறங்குவது யார்? அவர்கள். கடைசியாகக் கரையேறுவது யார்? அவர்கள். சேற்றை வாளியில் அள்ளுவதும் அவர்கள், வால்வு திருகும் சாவியைத் தேடி ஓடுவதும் அவர்கள், சாவி கிடைக்காவிட்டால் ஏச்சு வாங்குவதும் அவர்கள். ஊர் குடிக்கிறது, இவர்கள் நனைகிறார்கள். ஊர் குளிக்கிறது, இவர்கள் சேறாகிறார்கள். இவர்களை வரவேற்க இரண்டு வார்த்தை போதுமா? போதாது! ஆகவே செயலாளர் மன்னிக்க வேண்டும்.

அந்தப் புதியவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். அதோ, மூன்றாவது வரிசையில், தாயின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பள்ளத்துக்குள் பக்கவாட்டில் இறங்குவாள்; அதனால் குழுவில் அவளுக்கு நண்டு என்று பெயர். தையல் மெஷினை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்த தாயைப் பார்த்து, "இனிமே மிதிக்காதம்மா" என்று சொல்வதற்காகவே இந்த வேலைக்கு வந்தவள். இந்தக் கூட்டத்தின் முடிவில், யார் யார் நிரந்தரம் என்று தலைவர் ஐயா அறிவிக்கப் போகிறார். நண்டு நிலைப்பாளா, நாளை முதல் வீட்டில் இருப்பாளா என்பது ஐயாவின் வாயில் இருக்கிறது. அந்த வாய் திறப்பதற்கு முன்னால் என் வாயைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக மேடையேறினேன்.

நடந்தது என்ன? பள்ளிக்கூடத்தை ஒட்டிய வளைவில் பைப்பு விரிசல் விட்டுவிட்டது. காலையிலேயே நண்டு வேலை பார்க்கும் மேஸ்திரியின் குழு போய்த் தோண்டி, விரிசல் விட்ட துண்டை அறுத்து எடுத்துவிட்டது. தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வால்வை மூடினாலும் பைப்பில் மிச்சம் இருக்கும் தண்ணீர் சும்மா இருக்காது, சொட்டிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் பசை ஒட்டாது. அதனால் அறுத்த இரண்டு வாயிலும் துணியை அடைத்து வைப்போம். புதுத் துண்டைப் பொருத்தும் நொடியில் அந்தத் துணியை உருவிவிட வேண்டும். உருவியவர், பள்ளத்துக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படி, "துணி வெளியே!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் எந்த மேஸ்திரியும் பைப்பைச் சேர்க்க மாட்டார். இது எங்கள் வழக்கம்.

அன்று இரண்டு பக்கமும் துணி வைத்தவள் நண்டு. மேலே மேஸ்திரி, "சீக்கிரம், சீக்கிரம்! தெருவே சட்டியும் பானையுமா நிக்குது!" என்று முழங்குகிறார். அவள் ஒரு துணியை உருவினாள், "துணி வெளியே!" என்றாள். ஒரு குரல்தான் கொடுத்தாள். கேட்டவர்கள் இரண்டு துணிக்கும் சேர்த்துத்தான் கொடுத்தாள் என்று எடுத்துக்கொண்டார்கள். பைப்பு சேர்ந்தது. பசை இறுகியது. பள்ளம் மூடியது. வால்வு திறந்தது. வீடு வீடாகத் தண்ணீர் வந்தது. தெரு பாராட்டியது. மேஸ்திரி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தெருக்குழாயில் சாமான்களை அலசிக்கொண்டிருந்த நண்டுக்குக் கை நின்றுவிட்டது. பழைய திரைச்சீலையில் கிழித்த பச்சைத் துணியைக் காணோம்.

அப்புறம் நடந்த பேச்சை மேஸ்திரியே அன்று மாலை பம்பு அறைக்கு வந்து, தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"மேஸ்திரிண்ணே, வண்டியை எடுக்காதீங்க."

"ஏன், எதை விட்டுட்டு வந்த?"

"துணியை."

"துணிதானே? போனாப் போவுது, வேற கிழிச்சுக்கலாம். ஏறு."

"தரையில விடலண்ணே. பைப்புக்குள்ள."

மேஸ்திரி இறங்கிவிட்டார். "நிஜமாவா சொல்ற? நல்லா யோசிச்சுப் பாரு. யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கலண்ணே. அதான் நான் சொல்றேன்."

சபையோரே! இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். பள்ளம் மூடியாகிவிட்டது. பாராட்டும் கிடைத்தாகிவிட்டது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. கேட்பவரும் ஒருவரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினால் வேலை நிரந்தரம், தாயின் முழங்காலுக்கு ஓய்வு. அவள் ஏறினாளா? ஏறவில்லை! ஏன் ஏறவில்லை? அந்தத் துணி தண்ணீரோடு போய் எங்கேயோ ஒரு வால்வில் சுற்றிக்கொள்ளும், கடைசித் தெருவில் யாரோ ஒருத்தி காலிக் குடத்தோடு நிற்பாள், அவளுக்குக் காரணம் தெரியாது, ஆனால் தனக்குத் தெரியும் என்று அவள் ஏறவில்லை!

மறுபடியும் தண்ணீரை நிறுத்தினார்கள். "பம்பை நிறுத்துங்க" என்று எனக்குப் போன் வந்தது. அப்போது தெரு என்ன பாடு படுத்தியது தெரியுமா? தலை நிறைய சோப்பு நுரையோடு ஒருவர் மாடியிலிருந்து, "இப்பத்தானய்யா விட்டீங்க, அதுக்குள்ள பிடுங்கிட்டீங்களே!" என்று கத்தினார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு லாரியில் தண்ணீர் போயிற்று. புகார் மேல் புகார். கடைசியில் அடுத்த வால்வைக் கழற்றிப் பார்த்தால், அதன் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது பச்சைத் துணி. மேஸ்திரி அதை உருவி அவள் முன்னால் வீசி, "இந்தா, உன் பொக்கிஷம்!" என்றார். அவள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கோபத்தோடுதான் மேஸ்திரி, தலைவர் ஐயாவிடம் போய், "இந்தப் பொண்ணு நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தவறு செய்தாளா? செய்தாள். நான் மழுப்ப மாட்டேன். இரண்டு துணி வைத்தால் இரண்டு குரல் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நின்றது, சின்ன விஷயமா? இல்லை.

ஆனால் அன்பர்களே, சென்ற ஆண்டு சந்தைப் பக்கம் ஒரு வால்வைக் கழற்றினோமே, உள்ளே என்ன இருந்தது? அங்கே யார் இருமுவது? இருமாதீர்கள், நானே சொல்கிறேன். ஒரு செருப்பு! இடது கால் செருப்பு! அது தானாகவா நடந்து போனது? அந்தச் செருப்பால் கடைசித் தெருவில் நூல் போலத் தண்ணீர் வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, பெண்கள் அடுத்த தெருவுக்கு அலைந்தார்கள். காரணம் தெரியாமல் ஊரெல்லாம் தோண்டினோம். செருப்புக்கு உரியவர் வந்தாரா? இன்றுவரை வரவில்லை! நிரந்தரப் பணியாளராக, இரண்டு காலிலும் நல்ல செருப்பு அணிந்து, இதே மண்டபத்தில் கைதட்டிக்கொண்டிருக்கிறார்!

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் மூடியவருக்கு வேலை, வாய் திறந்தவளுக்கு வாசலா? மறைத்தவருக்கு மரியாதை, உரைத்தவளுக்கு ஓய்வா? தலைவர் அவர்களே, இவளை இன்று அனுப்பினால் இங்கே அமர்ந்திருக்கும் புதியவர்கள் என்ன பாடம் படிப்பார்கள்? துணியைத் தொலைக்காதே என்றா? இல்லை ஐயா! தொலைத்தால் சொல்லாதே என்று படிப்பார்கள்!

நம் வேலை எப்படிப்பட்ட வேலை? கட்டடம் கட்டுகிறவரின் சுவரை ஊர் பார்க்கிறது. சாயம் அடிக்கிறவரின் வண்ணத்தை ஊர் பார்க்கிறது. நாம் செய்வதை மாலைக்குள் மண் போட்டு மூடிவிடுகிறோம்! மூடிய மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல நம் வாயை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அந்த வாய் பொய்க்காது என்ற நம்பிக்கையில்தானே ஒரு தாய் குழாயைத் திறந்து, பார்க்காமல் பிடித்து, பிள்ளைக்குக் கொடுக்கிறாள்? அந்த நம்பிக்கைக்கு இவளை விட உரியவர் யார்? சொல்லுங்கள், யார்?

குழுத்தலைவர்களைக் கேட்கிறேன். இந்தப் பெண்ணைத் தன் பள்ளத்தில் இறக்கிக்கொள்ள யார் தயார்? கையை உயர்த்துங்கள். அதோ ஒரு கை! இதோ இன்னொரு கை! அடேயப்பா, பின்வரிசையில்... பொறுங்கள், பொறுங்கள். மேஸ்திரி எழுந்து நிற்கிறார். அமைதி! அவர் பேசட்டும்.

"வேணாம்னு சொன்னது நான்தான். கோவத்துல சொல்லிட்டேன். அதுக்காக ஆளாளுக்குக் கையத் தூக்கி அவளைக் கொண்டுபோகப் பாக்காதீங்க. அவ என் பள்ளத்துக்குத்தான் வரணும்."

கேட்டீர்களா! கேட்டீர்களா! மேஸ்திரி, உங்கள் குரல் என் மோட்டாரையே மிஞ்சிவிட்டது!

தலைவர் ஐயா என்னை அருகே அழைக்கிறார்... சபையோரே, ஐயா என் காதில் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறேன். "நாளைக்குக் காலையில வேலைக்கு வரச் சொல்லுங்க. நிரந்தரமா வரச் சொல்லுங்க." இவ்வளவுதான். கைதட்டுங்கள், என் மோட்டாருக்கே கேட்கும்படி கைதட்டுங்கள்!

சினம் துறந்த மேஸ்திரிக்கும், மனம் திறந்த தலைவருக்கும், கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முகத்துக்கு நேரே ஆட்டியும் பொறுமை இழக்காத செயலாளருக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மூன்றாவது வரிசைத் தாயே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மகளை நேரத்தோடு எழுப்பிவிடுங்கள். மேஸ்திரி தாமதத்தைப் பொறுக்க மாட்டார். வணக்கம்!