நீமா பேருக்கு ஓர் அர்ச்சனை

மலேசியாவின் ஈப்போவில் ஒரு கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன்னுடன் வந்த அக்காவிடம் சொன்னாள்:

“மலை உச்சிக்குப் போகாம திரும்பி வந்ததுக்குத்தான்க்கா இந்த அர்ச்சனை.”

“போகாததுக்கா?”

“ஆமாக்கா. நேப்பாள்ல ஏறிக்கிட்டு இருக்கறப்போ என் வீட்டுக்காரருக்குத் தலைவலி, வாந்தி. வெறும் வாயுக் காத்துன்னு நெனச்சு, நெத்தியிலயும் வயித்துலயும் மின்யாக் தைலம் தேச்சு விட்டேன். கூட வந்த கைடு நீமா, இவர் உதட்டப் பார்த்தாரு. நீலமா இருந்துச்சு. இனிமே ஏறக் கூடாதுன்னுட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“இவ்ளோ செலவு பண்ணி வந்து பாதியில திரும்பறதான்னு திட்டினேன்லா. அவர் குனிஞ்சு இவரை முதுகுல தூக்கிக்கிட்டு எறங்கிட்டாரு. ஒயரத்துல மூச்சுக்காத்து பத்தல, மேல போயிருந்தா ஆள் இருந்திருக்க மாட்டாருன்னு கீழ டாக்டர் சொன்னாரு.”

அவள் முறை வந்தது. சீட்டு எழுதுபவர் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

“பேரு நீமா. நட்சத்திரம் தெரியாதுண்ணே. போன் போட்டுக் கேட்டேன், அவருக்கும் தெரியலயாம்.”

“அப்ப சாமி பேருக்கே பண்ணிடலாம்மா.”

தூண் ஓரமாகத் தேங்காய்த் தட்டோடு நின்ற கணவரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“வேணாண்ணே. என் வீட்டுக்காரர் நட்சத்திரத்தையே போடுங்க, அஸ்தம். இன்னும் அதச் சொல்லி அர்ச்சனை பண்ண முடியுதுன்னா, நீமாவாலதான்.”