பாடை மூங்கிலில் அவரைப் பந்தல்

உயிருள்ள ஒரு மனிதரைச் செத்தவராகவே எண்ணி விட்டுவிட்டு வந்தவன் நான். மாரடைப்புக்குப் பின் அவருக்கு ரத்த அழுத்தம் அடியோடு விழுந்து, உடல் சில்லிட்டு வியர்த்திருந்தது, நாடி கிடைக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அப்படிப்பட்டவர் யாரும் பிழைத்து நான் பார்த்ததில்லை. உறவினருக்குச் சொல்லி அனுப்பும்படி உதவி டாக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனேன். மறுநாள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

சில மாதங்களுக்குப் பின் திருத்தணி மலையில், முடி இறக்கும் வரிசையில், எனக்கு முன்னால் அவரே தன் மச்சானுடன் நின்றிருந்தார்.

"எனக்குப் பாடை கட்ட நீ வெட்டியாந்த மூங்கில்ல அவரப்பந்தல் போட்டுட்டேன் பாவா."

"காய்க்குதா?"

"ஆங், கொத்துக் கொத்தா. போறப்ப பறிச்சிகினு போ."

"பெரிய டாக்டரு நீ போயிடுவேன்னு சொன்னாரேப்பா."

"சொல்லிட்டு அவருதான் போயிட்டாரு. சின்ன டாக்டரு கட்டிலு கால்மாட்டுல செங்கல் வச்சி ஒசத்தி, மூக்குல குழா வச்சி பிராணவாயு குடுத்து, விடியற வரைக்கும் என் கையப் புடிச்சிகினே குந்திகினு இருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மொட்ட அடிக்க வந்து நிக்கிறேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பின் நாடி விழுந்த எவரையும் விட்டு நான் எழுந்ததில்லை. சின்ன டாக்டர் செய்ததையெல்லாம் செய்தேன். பெரும்பாலோர் என் கண்ணெதிரே இறந்தார்கள். மணவூர் விவசாயி ஒருவர் மட்டும் காலையில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கைய வுடுங்க டாக்டரே, மரத்துப் போச்சி."